நாலு பாக்கெட்டும் ஒரு கரண்டியும்

எடை மெஷினில் ஏறுவதற்கு முன் பெரியவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். கொண்டையில் குத்தியிருந்த ஊசிகளையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"அதுல என்னம்மா பெரிய எடை இருந்துடப்போகுது?" என்றாள் நர்ஸ்.

"இருக்கிறது போதாதா? அதுவும் எதுக்கு?" என்றாள் அவள்.

முள் ஓடி நின்றது. நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டாள். அதிலேயே பெரியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உள்ளே டாக்டரின் மேசைக்கு எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு ஓட்டுகிற உடம்பு. முகம் மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியாக இருந்தன. அக்காவின் கிட்னியை எடுத்துத் தங்கைக்கு வைக்கலாமா என்று கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"எல்லாம் பொருந்துதும்மா" என்றார் டாக்டர். "ரத்தம் பொருந்துது, மத்த டெஸ்ட்டும் நல்லா இருக்கு. உங்க எடைதான் இடிக்குது. இந்த எடையோட உங்கள ஆபரேஷன் மேசையில படுக்க வைக்கமாட்டேன். ஒருத்தரைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தரைக் கெடுக்க முடியாது."

"எவ்வளவு குறைக்கணும்?"

அவர் சொன்னார். ஒரு முழு அரிசி மூட்டையைத் தூக்கி இறக்குவது போன்ற எடை. கேன்டீனில் அவள் தினமும் தூக்கும் மூட்டைதான். ஆனால் அது தோளில் இருப்பது, இது தோலுக்குள் இருப்பது.

"ரொம்ப நாள் எடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர். தங்கையைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள், "பாத்தியா? சின்ன வயசுல என் பங்கையும் சேத்துத் தின்னல்ல. இப்ப திருப்பிக் கேக்கிறாங்க."

"உன் பங்கை எவடி தின்னா? நீ துப்புனதைத்தான் தின்னேன்."

அவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும். அம்மா போனபோது சின்னவளுக்குப் பால் பல்லே விழவில்லை. பெரியவள்தான் தலைவாரி, ஊட்டி, அடித்து வளர்த்தாள். அந்தச் சின்ன வயதிலேயே தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்க்கிற இடத்திலிருந்து காய் நறுக்குகிற இடம், அங்கிருந்து அடுப்பு. நடுவில் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு வருஷம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அதைப் பற்றி அவள் அழுததாக யாருக்கும் ஞாபகமில்லை. சின்னவள் சினிமா கொட்டகையில் டிக்கெட் கொடுத்தாள். கம்பி ஓட்டைக்குப் பின்னாலிருந்து கொண்டு ஊரையே நையாண்டி செய்தாள். உடம்பு படுத்த பிறகு அந்த வேலையும் போனது. இப்போது மாடியில் இரண்டு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர்.

குண்டான பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். பெரியவளுக்கும் சொன்னார்கள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து என்றார்கள், நிறுத்தினாள். நட என்றார்கள், முட்டி வீங்குகிறவரைக்கும் நடந்தாள். கொஞ்சம் இறங்கியது, போன வழியே திரும்பி வந்தது, வரும்போது துணைக்கு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் அவள் உடம்பை அதன் போக்கில் விட்டுவிட்டாள். உடம்பும் அவளை வேலை செய்ய விட்டது. இருவருக்கும் சண்டையில்லாமல் வருஷங்கள் ஓடின.

டாக்டர் அவளை உணவு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார். கண்ணாடி போட்ட சின்னப் பெண். பொறுமைசாலி. மேசைமேல் மாவுப் பாக்கெட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"சோறு, ரொட்டி, குழம்பு எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு இந்தப் பாக்கெட் நாலு. தண்ணியில கலக்கிக் குடிக்கணும். அவ்வளவுதான்."

"இதுல ஒரு குழந்தைகூடப் பிழைக்காதேம்மா" என்றாள் பெரியவள்.

"பிழைக்கும். உடம்புக்கு வேண்டிய சத்தெல்லாம் அளந்து போட்டிருக்கு. ஆனா எல்லாருக்கும் இதைக் குடுக்கமாட்டோம். உங்களுக்கு அவசரம், அதனால குடுக்கிறோம். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். நடுநடுவுல வந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும், எடை பாக்கணும்."

"எடை இறங்குமா?"

"இறங்கும். நல்லாவே இறங்கும். இறங்கினதைத் தக்க வெக்கிறதுதான் கஷ்டம். நிறையப் பேருக்குத் திரும்ப ஏறிடும். அதைப் பிறகு பாக்கலாம், முதல்ல ஆபரேஷன்." அப்புறம் அந்தப் பெண் ஒரு பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் நகர்த்தினாள். "ஒண்ணை மட்டும் மறக்காதீங்கம்மா. இதுக்கு மேல சாப்பிட்டா எடை இறங்காது, அது ஒரு நஷ்டம். ஆனா இதுக்குக் கீழ போனா ஆபத்து. நாலுல ஒண்ணுகூடக் குறைக்காதீங்க. வேகமா இறங்குற உடம்புல பித்தப்பையில கல்லு விழும். கொஞ்சமாவது கொழுப்பும் புரதமும் உள்ள போனாதான் அது ஒழுங்கா வேலை செய்யும். அதெல்லாம் இந்த நாலுலதான் இருக்கு."

பெரியவள் தலையாட்டினாள். கேட்டாள், புரிந்தும் கொண்டாள். பிற்பாடு எனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லவுமில்லை.

முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. வாயில் துரு வாடை. சாயங்காலம் இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்காருவார்கள். தங்கைக்குத் தண்ணீர் அளவு உண்டு, தாகத்துக்கு ஐஸ்கட்டியை வாயில் போட்டு உருட்டுவாள். அக்கா மாவுத் தண்ணீரைக் கலக்குவாள்.

"என்ன ருசி?" என்பாள் தங்கை.

"வெனிலான்னு போட்டிருக்கு. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புல சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு."

"சுண்ணாம்பு அடிச்சா வெளுப்பாவது வரும். நீ இன்னும் கறுப்பாத்தான் இருக்கே."

"வாயை மூடிக்கிட்டு ஐஸைத் தின்னு."

தங்கையின் சாப்பாட்டைப் பெரியவள் தனியாகச் சமைப்பாள். காயை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல். அதில் ருசி பார்க்க ஒன்றுமில்லை.

கேன்டீனில்தான் சிக்கல் வந்தது. ஆனால் சிக்கல் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை.

ஆளுயரப் பாத்திரங்கள் வரிசையாகக் கொதிக்கும் சமையலறை அது. குழம்பு, பருப்பு, கறி, சூப். மூன்று ஷிப்ட்டுக்கும் சாப்பாடு. ஒவ்வொன்றையும் உப்புப் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை, இறக்குவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். கரண்டியால் எடுத்து இடது உள்ளங்கையில் ஊற்றி நக்குவாள். பல வருஷச் சூட்டில் அந்த உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. அந்தச் சமையலறையில் ஒரு முறை உண்டு. ருசி பார்க்கிற கரண்டி ஒருத்தரிடம்தான் இருக்கும். அது வைத்திருப்பவள்தான் தலைமைச் சமையல்காரி. பெரியவளுக்கு முன்னால் அதை வைத்திருந்தவள் கண் மங்கி, ஒரு நாள் "நீ பாருடி" என்று கரண்டியை இவள் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் அவள் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்தது.

முதல் தடவை எடை பார்க்கப் போனபோது முள் கொஞ்சம்தான் அசைந்திருந்தது. உணவு ஆலோசனைப் பெண் நெற்றியைச் சுருக்கினாள்.

"வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?"

"ஒரு பருக்கை தொடலை."

பொய் சொல்லவில்லை. சமையல் செய்கிறவர்கள் யாரும் ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதற்குப் பெயரே பார்ப்பதுதான். உப்புப் பார்த்தேன், காரம் பார்த்தேன், வெந்ததா பார்த்தேன். கண்ணால் பார்ப்பது மாதிரி.

மறுநாள் அடுப்படியில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எல்லோரும் காய்க்காரி என்று கூப்பிடுகிற ஒல்லியான பெண். நன்றாகச் சமைப்பாள், அடுப்புக்கு வரத் துடிக்கிறவள்.

"ஏன் இறங்கலையா? பெரியக்கா, காலையில இருந்து உன் உள்ளங்கையில ஒரு பந்தியே நடந்து முடிஞ்சிருக்கு. எண்ணெய் மிதக்கிற கறியை நீ எத்தனை தடவை வழிச்சே? எனக்கு அதுல மத்தியானச் சாப்பாடு முடிஞ்சிரும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வேணும்னா நான் பாக்கட்டுமா? ஆபரேஷன் ஆகுற வரைக்கும்" என்றாள் காய்க்காரி. நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். இல்லை, பாதி நல்ல எண்ணம், பாதி ஆசை. மனுஷர்கள் அப்படித்தானே.

"உன் வேலையைப் பாரு" என்றாள் பெரியவள்.

அன்றைக்கு மட்டும் அவள் அந்தக் கரண்டியைக் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது. அவள் கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது அடுப்பு வேறொருத்தியிடம் இருந்தால் அவள் எங்கே நிற்பாள்? பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கா திரும்பிப் போவாள்? ஆகவே அவள் ஒரு கணக்குப் போட்டாள். படிப்பில்லாதவள் என்றாலும் அளவுக் கணக்கில் குறைச்சலில்லை, எத்தனை பேருக்கு எத்தனை படி என்று தூக்கத்திலும் சொல்வாள். நக்குவது ஒரு சாப்பாட்டுக்குச் சமமா? சரி, அப்போது ஒரு பாக்கெட்டைக் குறைத்தால் சரியாகிவிடும். அதுவும் போதவில்லையா, இரண்டைக் குறைக்கலாம். ஆலோசனைப் பெண் சொன்ன கொழுப்புத்தான் கறியில் மிதக்கிறதே, உள்ளே போகத்தானே செய்கிறது.

இப்படி ஒரு கணக்கைச் சமையல்காரியைத் தவிர வேறு யாரும் போடமாட்டார்கள்.

ஆனால் கரண்டியில் வந்தது அவள் நினைத்த அளவில்லை. காய்க்காரி கிண்டல் செய்த நாளிலிருந்து அவள் துளித்துளியாகத்தான் ஊற்றிக்கொண்டாள், நாக்கில் பட்டதும் துப்பினாள். நக்குவதையும் குறைத்தாள், பாக்கெட்டையும் குறைத்தாள். கடைசியில் நாளுக்கு ஒரு பாக்கெட், அதுவும் ராத்திரி தங்கையின் கண்ணுக்கு எதிரே. மீதியைத் துணிப்பையில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினாள்.

எடை இறங்கியது. மளமளவென்று இறங்கியது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள், மறுபடி பிடித்துத் தைத்தாள். தெருவில் போகிறவர்கள் நிறுத்தி, "எப்படிம்மா? எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவளை யாரோ பொறாமையாகப் பார்த்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் எதற்கு, ரொம்பவே பிடித்திருந்தது.

சீப்பில் முடி கொத்தாக வந்தது. கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றும் குளிரெடுத்தது. குனிந்து நிமிர்ந்தால் சுவர் சுற்றியது. அதையெல்லாம் அவள் இறங்குகிற எடையின் கூலி என்று எடுத்துக்கொண்டாள்.

தங்கைக்குத்தான் முதலில் பிடிக்காமல் போனது. மெஷினில் படுத்துவிட்டு வருகிற நாட்களில் அவள் கால் ஐஸ் மாதிரி சில்லிட்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே அக்காவின் வயிற்றில் காலை வைத்துச் சூடேற்றிக்கொள்வது அவள் பழக்கம். அன்றைக்கும் வைத்தாள், உடனே எடுத்தாள்.

"என்னடி, சிமென்டுத் தரையில வெச்ச மாதிரி இருக்கு?"

"மெலிஞ்சா அப்படித்தான்."

"மெலிஞ்சவங்க எல்லாம் பொணம் மாதிரியா சில்லுன்னு இருப்பாங்க? நானும்தான் மெலிஞ்சு கெடக்கேன். நமக்குள்ள ஒருத்தி நோயாளியா இருந்தா போதும்."

"இன்னும் கொஞ்சம்தான். அப்புறம் என் கிட்னியோட சேத்துச் சூட்டையும் வாங்கிக்க."

அடுத்த தடவை போனபோது உணவு ஆலோசனைப் பெண் எடை மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை.

"ரொம்ப வேகமா இறங்குதேம்மா. நாலு பாக்கெட்டும் குடிக்கறீங்கதானே?"

"குடிக்கிறேன்."

"நிஜமா?"

"ஏம்மா, இறங்கலைன்னாலும் திட்டறே, இறங்கினாலும் திட்டறே. எதுக்குத்தான் உன் வாய் சும்மா இருக்கும்?"

இது பொய். தெரிந்தே சொன்ன பொய். அந்தப் பெண் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். பெரியவள் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும், டாக்டர் நாள் குறித்துவிடுவார். இந்த நேரத்தில் ரத்தத்தில் எதையாவது கண்டுபிடித்து நிறுத்திவிட்டால்?

வலி கேன்டீனில் வந்தது. மத்தியானப் பரிமாறலுக்குச் சூப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வலது விலாவுக்குக் கீழே யாரோ கொக்கி போட்டு இழுத்தது போல இருந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து முழங்கையால் அழுத்திக்கொண்டாள். வலி முதுகுக்குப் போனது, தோளுக்கு ஏறியது. கரண்டி கையில் இருக்கும்போதே அவள் தரையில் உட்கார்ந்தாள். காய்க்காரி ஓடி வந்து தாங்கினாள். கரண்டியை வாங்கப் போனாள். பெரியவள் விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

பித்தப்பை முழுக்கக் கல். அதில் ஒன்று நழுவிக் குழாயில் போய் அடைத்து, கணையம் வீங்கிவிட்டது. பிழைப்பாளா என்பதே சில நாள் கேள்வியாக இருந்தது. பிழைத்தாள். பித்தப்பையை எடுத்தார்கள். கண் விழித்துத் தெளிந்தபோது கட்டிலோரம் தங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் துணிப்பை.

தங்கை பையைக் கவிழ்த்தாள். பாக்கெட்டுகள் போர்வைமேல் சரிந்து விழுந்தன.

"எத்தனை நாளா?"

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயைத் தொறடி. ஊருக்கெல்லாம் பேசுற வாய்தானே?"

"சீக்கிரம் இறங்கணும்னு..."

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதே." தங்கையின் குரல் உயரவில்லை. "காய்க்காரி வந்தா. எல்லாம் சொன்னா. கரண்டியை நான் வாங்கிக்கிறேன்னு கேட்டாளாமே. குடுத்திருந்தா என்ன? என் உயிரை விடவா அந்தக் கரண்டி?"

இதற்குப் பெரியவளிடம் பதில் இருந்தது. அந்தக் கரண்டியில்தான் உன்னை வளர்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அது பதிலில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

உணவு ஆலோசனைப் பெண்ணும் வந்து பார்த்தாள். திட்டவில்லை. "ருசி பாக்கிறதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுத்திருப்பேன். லேட்டானாலும் ஒழுங்கா இறங்கியிருக்கும்" என்றாள். திட்டியிருந்தால் பெரியவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கிட்னி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கணையம் ஆறி, உடம்பு தேறி, எல்லா டெஸ்ட்டும் முதலிலிருந்து எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. அதுவரை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்.

ஒழுங்காகச் சாப்பிட்டாள். பட்டினி கிடந்த உடம்பு ஒரு கவளத்தையும் வீணாக்கவில்லை, போனதையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தது. தைத்த ரவிக்கைகளைப் பிரித்துவிட்டாள். தையல் போட்ட ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

தங்கையின் உடம்பு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. காலில் நீர் ஏறியது. ஒரு படி ஏறினால் அடுத்த படியில் உட்கார்ந்தாள். பெரியவளை மறுபடி டெஸ்ட்டுக்குக் கூப்பிடும் நேரம் வந்தபோது டாக்டர் முதலில் தங்கையின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். இருதயம் தளர்ந்துவிட்டது, இனி மயக்க மருந்தைத் தாங்காது என்றார்.

"நான் எடையைக் குறைச்சிடறேன் டாக்டர். இந்தத் தடவை நீங்க சொல்ற மாதிரியே" என்றாள் பெரியவள்.

"உங்க எடையைப் பத்தி இல்லம்மா இப்போ" என்றார் அவர்.

வாசலில் எடை மெஷின் அதே இடத்தில் இருந்தது. அவள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு வேறு யாரையோ கூப்பிட்டாள்.

கேன்டீனுக்குத் திரும்பிப் போனாள். கரண்டி காய்க்காரியிடம் இருந்தது. பெரியவளைப் பார்த்ததும் அவள் கழுவித் துடைத்து நீட்டினாள்.

"உன்னோடதுதான்க்கா. பத்திரமா வெச்சிருந்தேன்."

"நீயே வெச்சுக்க" என்றாள் பெரியவள். தொட்டிப் பக்கம் போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரத்தில் கை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அரை நாள்தான் வேலை. மெஷினிலிருந்து தங்கை வருகிற மத்தியானங்களில் அவள் வீட்டில் இருப்பாள். ஆட்டோக்காரர் கைத்தாங்கலாக மாடி ஏற்றிவிட்டுப் போவார். தங்கை கட்டிலில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சைத் தேடுவாள். அப்புறம் காலை நீட்டுவாள். பெரியவள் கால்மாட்டில் படுத்துப் புடவையை விலக்கிக் கொடுப்பாள். சில்லிட்ட இரண்டு பாதங்களும் அவள் வயிற்றில் அழுந்தும்.

"இப்பதான் சரியா இருக்கு" என்றாள் தங்கை ஒரு நாள். "பழைய சூடு வந்திருக்கு."

"சூடு மட்டும்தான் வந்திருக்கு."

"இது போதும் விடு. குண்டச்சி, ஆடாம படு."

பெரியவள் ஆடாமல் படுத்திருந்தாள். அந்தப் பாதங்களுக்குப் பின்னால், விலாவுக்குக் கீழே, இரண்டு பக்கமும் இரண்டு கிட்னி பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. சமையலறையில் உப்பில்லாத காய் ஆறிக்கொண்டிருந்தது. கால் சூடேற வெகுநேரம் ஆனது.